பொருளாதாரக் கட்டுரைகளின் கணக்கை மறுபடி ஓட்டிப் பார்க்கும் மாணவர் வேலை: சேரலாமா, உள்ளே என்ன நடக்கும்?

கேள்வி இதுதான். நீங்கள் இளங்கலைப் பொருளாதாரம் மூன்றாம் ஆண்டு. ஒரு ஆய்விதழின் டேட்டா எடிட்டர் குழுவுக்கு மாணவர்கள் தேவை, வெளிவரப்போகிற கட்டுரைகளின் முடிவுகள் மறுபடி ஓட்டினால் அதே மாதிரி வருகிறதா என்று சரிபார்க்க வேண்டும், மணிக்கணக்கில் சம்பளம் என்று ஒரு அறிவிப்பு பார்த்திருக்கிறீர்கள். இது உருப்படியான ஆராய்ச்சி வேலையா இல்லை குமாஸ்தா வேலையா, கோடிங் எவ்வளவு தெரிய வேண்டும், பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது உதவுமா, மோசடி ஏதாவது கையில் சிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சேருங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. நான் மாணவனாக இந்த வேலையில் நுழைந்து, பிறகு புதிதாக வருபவர்களின் அறிக்கைகளைப் படித்துத் திருத்தும் இடத்துக்கு வந்தவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடலாம். ஒரு கட்டுரை ரெஃப்ரீக்களை, அதாவது இதழுக்காக அதை மதிப்பிடும் சக ஆய்வாளர்களைத் தாண்டி, கிட்டத்தட்ட ஏற்றுக்கொள்ளப்பட்ட நிலைக்கு வந்ததும் கட்டுரையாளர்கள் ஒரு தொகுப்பை அனுப்புவார்கள். அதில் டேட்டா ஃபைல்கள் இருக்கும், அவற்றின் மேல் ஓடும் கோட் இருக்கும், எதை எந்த வரிசையில் ஓட்டினால் எந்த அட்டவணை வரும் என்று சொல்லும் ஒரு ரீட்மீ இருக்கும், அல்லது இருக்க வேண்டும். அதைப் பிரித்து, சொன்னபடியே ஓட்டி, வெளியே வரும் எண்களைக் கட்டுரையில் அச்சாகியிருக்கும் எண்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எது பொருந்துகிறது எது பொருந்தவில்லை என்று அறிக்கை எழுதுவதுதான் உங்கள் வேலை. கட்டுரையின் வாதம் சரியா, காரணத்தையும் விளைவையும் பிரித்துக் காட்டும் உத்தி நியாயமா, இந்த முடிவை வைத்து அரசு கொள்கை வகுக்கலாமா என்பதெல்லாம் உங்களிடம் யாரும் கேட்கப்போவதில்லை. அந்த விவாதம் ரெஃப்ரீக்களோடு முடிந்துவிட்டது.

இதையும் புதிதாக ஆட்களைக் கூட்டி சோதனையை மறுபடி நடத்துவதையும் பலர் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 2016ல் சயன்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வில், ஆய்வுக்கூடத்தில் நடத்தப்பட்ட 18 பொருளாதாரச் சோதனைகளைப் புதிய ஆட்களை வைத்துத் திரும்பச் செய்தார்கள், 11ல் மூல முடிவின் திசையிலேயே குறிப்பிடத்தக்க விளைவு கிடைத்தது. அது பெரிய பணமும் பெரிய குழுவும் தேவைப்படுகிற வேறு காரியம். உங்கள் கையில் வரப்போவது அதே டேட்டா, அதே கோட், அதே முடிவு வருகிறதா என்ற கேள்வி மட்டும்தான். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஒரே டேட்டாவை ஒரே கோடில் போட்டால் ஒரே விடை வராமல் என்ன வரும்?

வராது என்பதுதான் இந்த வேலை உருவான கதை. 1986லேயே ட்வால்ட், தர்ஸ்பி, ஆண்டர்சன் என்ற மூன்று பேர் ஜர்னல் ஆஃப் மணி, கிரெடிட் அண்ட் பேங்கிங் இதழின் கட்டுரைகளுக்கான டேட்டாவையும் புரோகிராம்களையும் கேட்டு வாங்கி ஓட்டிப் பார்த்தார்கள், கவனக்குறைவான பிழைகள் எப்போதாவது நடக்கும் விபத்து அல்ல, சர்வசாதாரணம் என்று அமெரிக்கன் எகனாமிக் ரிவியூவில் எழுதினார்கள். சரி, அது பழைய காலம், அப்போது கம்ப்யூட்டரே வேறு என்று தள்ளிவிடலாம். 2015ல் சாங், லீ என்ற இருவர் 13 இதழ்களிலிருந்து 67 கட்டுரைகளை எடுத்தார்கள். கட்டுரையாளர்களின் உதவி இல்லாமல் முக்கிய முடிவை எடுக்க முடிந்தது 22ல் மட்டும். ரகசிய டேட்டாவோ தங்களிடம் இல்லாத சாஃப்ட்வேரோ தேவைப்பட்ட 8ஐ ஒதுக்கிவிட்டு, கட்டுரையாளர்களிடம் கேட்டும் பார்த்த பிறகு 59ல் 29. அதாவது பாதிகூட இல்லை. இதில் பெரும்பகுதிக்குக் காரணம் யாரும் பொய் சொன்னது இல்லை என்பதைக் கவனியுங்கள். ஃபைல் கிடைக்கவில்லை, கோட் பாதியில் நின்றது, ரீட்மீயில் ஒன்றும் புரியவில்லை, இந்த ரகம்தான்.

இதழ்கள் ரொம்ப நாள் டேட்டாவைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டனவே தவிர, திறந்து ஓட்டிப் பார்க்கவில்லை. அமெரிக்கன் எகனாமிக் அசோசியேஷன் 2018ல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் லார்ஸ் வில்ஹூபரைத் தன் முதல் டேட்டா எடிட்டராக்கியது. 2019 ஜூலையிலிருந்து, கட்டுரை வெளிவருவதற்கு முன்பே தொகுப்பை ஓட்டிச் சரிபார்ப்பது என்ற ஏற்பாடு வந்தது. அத்தனை கட்டுரைகளையும் ஒரு பேராசிரியர் உட்கார்ந்து ஓட்ட முடியுமா? முடியாது. அங்கேதான் மாணவர்கள் வந்தார்கள். கார்னெலில் அவர் அமைத்த லேபில் இளங்கலை மாணவர்கள்தான் இந்த வேலையின் முதுகெலும்பு. ரிவியூ ஆஃப் எகனாமிக் ஸ்டடீஸ், எகனாமிக் ஜர்னல், எகனாமெட்ரிக் சொசைட்டியின் இதழ்கள் எல்லாவற்றுக்கும் இப்போது டேட்டா எடிட்டர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கீழே வேலை பார்க்கும் மாணவர்களும் உண்டு. பிரான்சில் காஸ்காட் என்று ஒரு அமைப்பு இதையே சான்றிதழ் கொடுக்கும் வேலையாகச் செய்கிறது.

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன், இதை எந்த அறிவிப்பிலும் எழுத மாட்டார்கள்.

கோட் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே வேலையில் கணிசமான பகுதி முடிந்துவிடும். ரீட்மீயை எடுத்து, கட்டுரையில் எந்தெந்த டேட்டா பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் போடுவீர்கள். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில் இறக்கினார்கள், அதை மற்றவர்களுக்குக் கொடுக்க அனுமதி இருக்கிறதா, இல்லையென்றால் வேறொருவர் அதை எப்படி வாங்குவது, எவ்வளவு காலம் ஆகும், இதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பீர்கள். 'டேட்டா உலக வங்கியிலிருந்து எடுக்கப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும். உலக வங்கியின் எந்தத் தொகுப்பு, எந்த வருடத்துப் பதிப்பு? தேசிய வருமானம் மாதிரியான தொடர்கள் அடிக்கடித் திருத்தப்படும், இன்று இறக்கினால் வரும் எண் அன்று இறக்கிய எண்ணாக இருக்காது. இதைக் கேட்டு எழுத உங்களுக்குப் பொருளாதார மேதமை தேவையில்லை, விடாப்பிடியாக 'இது போதாது' என்று சொல்லும் குணம் போதும்.

அடுத்து இன்னொரு பட்டியல்: கட்டுரையின் ஒவ்வொரு அட்டவணைக்கும் படத்துக்கும், உரையின் நடுவே வரும் எண்களுக்கும் எந்த புரோகிராமின் எந்த வரி பொறுப்பு? இந்த வரைபடம் இல்லாமல் ஓட்ட ஆரம்பித்தால் மூன்று நாள் கழித்து ஓட்டியதன் விடைகள் பதிவாகும் நாற்பது லாக் ஃபைல்கள் நடுவே அட்டவணை 5ன் நான்காம் பத்தியை (நெடுவரிசையை)த் தேடிக்கொண்டிருப்பீர்கள். உரையின் நடுவே வரும் எண்களை மறக்காதீர்கள், 'மாதிரியில் 23 சதவீதம் பேர்' என்று போகிற போக்கில் எழுதியிருப்பார்கள், அதைக் கணக்கிடும் கோட் தொகுப்பில் எங்கேயும் இருக்காது. (எண் என் கற்பனை, பழக்கம் உண்மை.)

அப்புறம்தான் ஓட்டுவது. பொருளாதாரத்தில் கணக்கு ஓட்டும் சாஃப்ட்வேர்களில் இன்னமும் ஸ்டேட்டாதான் ராஜா, ஆர், மேட்லேப், பைத்தான் எல்லாம் அதற்கு அடுத்துத்தான். முதல் தடங்கல் பெரும்பாலும் ஃபோல்டர் பாதை. கட்டுரையாளரின் சொந்தக் கம்ப்யூட்டரின் சி டிரைவில் அவர் பெயரில் இருக்கும் ஃபோல்டர் கோடின் இருபது இடங்களில் நேரடியாக எழுதப்பட்டிருக்கும். விண்டோஸில் எழுதியதை லினக்ஸில் ஓட்டினால் சாய்கோடு திரும்பி நிற்கும், ஃபைல் பெயரில் பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசத்தால் 'ஃபைல் இல்லை' என்று வரும். அடுத்தது பேக்கேஜ்கள், அதாவது சாஃப்ட்வேரோடு கூடுதலாக நிறுவிக்கொள்ளும் துணை புரோகிராம்கள். அவர் எப்போதோ நிறுவி வைத்து மறந்துபோன பேக்கேஜ் உங்களிடம் இருக்காது, இருந்தாலும் அவர் பயன்படுத்திய பதிப்பு இருக்காது. ஸ்டேட்டாவில் பழைய பதிப்பைப் போல நடந்துகொள்ளச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு, ஆனால் வெளியார் எழுதிய பேக்கேஜ்களை அது பழைய பதிப்புக்குக் கொண்டுபோகாது. அதனால்தான் அந்த பேக்கேஜ்களையும் தொகுப்புக்குள்ளேயே வைத்து அனுப்புங்கள் என்று கட்டுரையாளர்களைக் கேட்கிறோம்.

எல்லாம் ஓடி முடித்து, எண்கள் கொஞ்சமே கொஞ்சம் மாறி வரும்போதுதான் வேலை சுவாரசியமாகிறது. புள்ளிக்குப் பிறகு மூன்றாவது இலக்கத்தில் வித்தியாசம். எங்கே தேடுவது? பூட்ஸ்ட்ராப், சிமுலேஷன் மாதிரி ரேண்டம் எண்களை வைத்துச் செய்யும் கணக்கு இருந்தால், ஒவ்வொரு முறையும் அதே எண்கள் வர உதவும் தொடக்க எண்ணான சீட் வைத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். சீட் வைத்திருந்தாலும் தப்பிக்க முடியாது. ஸ்டேட்டா 2015ல் 14ஆம் பதிப்பில் ரேண்டம் எண் உருவாக்கும் முறையை மாற்றியது, ஆர் 2019ல் 3.6.0 பதிப்பில் மாதிரி எடுக்கும் முறையை மாற்றியது, ஆகவே அதே சீட் வேறு வரிசையைக் கொடுக்கும். இது இல்லையென்றால் வரிசைப்படுத்துதலைச் சந்தேகப்படுங்கள். மாவட்டம், வருடம் என்று இரண்டு மாறிகளில் வரிசைப்படுத்திவிட்டு ஒவ்வொரு குழுவிலும் முதல் வரியை மட்டும் வைத்துக்கொள் என்று எழுதியிருப்பார்கள். ஒரே மாவட்டம், ஒரே வருடத்தில் இரண்டு வரிகள் இருந்தால் எது முதலில் வரும் என்பது ஸ்டேட்டாவின் இஷ்டம், ஒவ்வொரு முறையும் வேறாக வரலாம். கட்டுரையாளருக்கே இது தெரிந்திருக்காது, அவர் ஒரே ஒரு முறை முழுசாக ஓட்டி அட்டவணையை எடுத்து வைத்திருப்பார்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்டேட்டாவில் எண்ணைச் சேமிக்கும் வழக்கமான வகை ஃப்ளோட். அதில் 1,67,77,216 வரைதான் முழு எண்கள் பிசகாமல் நிற்கும், அதைத் தாண்டினால் பக்கத்து எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள ஆரம்பிக்கும். நிறுவனங்களுக்கோ குடும்பங்களுக்கோ ஒன்பது இலக்க அடையாள எண் இருந்து, அதை ஃப்ளோட்டாக வைத்து இரண்டு ஃபைல்களை இணைத்தால், வேறு வேறு குடும்பங்கள் ஒரே குடும்பமாகிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது, ரிக்ரெஷன் ஜோராக ஓடும், முடிவு புள்ளியியல்படி குறிப்பிடத்தக்கது என்று காட்டும் நட்சத்திரங்கள்கூட வரும். இதை ஒரு முறை கண்டுபிடித்தவர் தன் சொந்த ஆய்வில் ஆயுசுக்கும் அடையாள எண்ணின் வகையைப் பார்க்காமல் இணைக்க மாட்டார்.

அப்புறம் ஒரு சலிப்பான, ஆனால் அடிக்கடி மாட்டும் விஷயம்: கையால் தட்டச்சு செய்த அட்டவணை. கோட் சரி, டேட்டா சரி, கட்டுரையில் 0.041 என்பது 0.014 ஆகிவிட்டது. அல்லது ரெஃப்ரீ கேட்டதற்காக மாதிரியைச் சுருக்கினார்கள், ஆறு அட்டவணைகளைப் புதுப்பித்தார்கள், ஏழாவதை மறந்துவிட்டார்கள்.

எல்லாவற்றையும் ஓட்ட முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். வரித்துறைப் பதிவுகள், மருத்துவப் பதிவுகள், அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையின் பாதுகாக்கப்பட்ட மையங்களுக்குள் மட்டும் பார்க்கக்கூடிய டேட்டா, இவை உங்கள் கைக்கு வராது. அப்போது கோட் ஃபைலை மட்டும் படித்து, அது முழுமையாக இருக்கிறதா, டேட்டாவுக்கு விண்ணப்பிக்கும் வழி எழுதப்பட்டிருக்கிறதா என்று மட்டும் சரிபார்ப்பீர்கள். சில சமயம் அந்த டேட்டாவுக்கு ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் மூன்றாம் ஆளை எடிட்டர் பிடித்து ஓட்டச் சொல்வார். வாரக்கணக்கில் ஓடும் மாடல்களும் உண்டு, அவற்றில் இடைநிலை முடிவுகளை வாங்கி கடைசிக் கட்டத்தை மட்டும் ஓட்டுவது வழக்கம். அறிக்கையில் எதை ஓட்டினோம், எதை ஓட்டவில்லை என்று தெளிவாக இருந்தால் போதும்.

இப்போது மோசடிக்கு வருவோம். புதிதாக வரும் ஒவ்வொருவரும் கண்ணில் ஒரு துப்பறிவாளர் பளபளப்போடு வருகிறார்கள், சீக்கிரமே அது போய்விடும். மோசடி செய்கிறவர் ஒழுங்காக ஓடும் கோட் ஃபைலையும் அதற்குப் பொருத்தமாகச் சமைத்த டேட்டாவையும் அனுப்பலாம், உங்கள் சோதனையில் அது ஜம்மென்று தேறிவிடும். சோதனையின் எல்லை அது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மோசடியே இல்லாத இடத்திலும் இந்த எல்லை உண்டு, எல்லாரும் சொல்லும் உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற பொருளாதார அறிஞர்கள் 2010ல் எழுதிய கட்டுரையில், அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்று இருந்தது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹர்ஸ்ட் வளாகத்தில் தாமஸ் ஹெர்ன்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதைத் திரும்பச் செய்ய முயன்று, வராமல், கட்டுரையாளர்களிடமிருந்தே எக்செல் ஃபைலை வாங்கிப் பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரம் ஐந்து நாடுகளை விட்டுவிட்டிருந்தது: ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க். 2013ல் தன் ஆசிரியர்கள் ஆஷ், போலினோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் அந்த எண் 2.2 சதவீதம் ஆனது. உலகம் முழுக்க இது எக்செல் பிழையின் கதையாகத்தான் பரவியது. ஆனால் வித்தியாசத்தில் பெரும்பகுதி எக்செல் பிழையிலிருந்து வரவில்லை, சில நாடுகளின் சில வருடங்களைச் சேர்க்காததிலிருந்தும், ஒவ்வொரு நாட்டுக்கும் எடை கொடுத்த விதத்திலிருந்தும் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. அந்த எக்செல் ஃபைலை உங்களிடம் கொடுத்து 'ஓட்டிப் பார்' என்று சொல்லியிருந்தால், அச்சாகியிருக்கும் அதே எண் அழகாக வந்திருக்கும். 'பொருந்துகிறது' என்று நீங்கள் எழுதியிருப்பீர்கள். சூத்திரத்தின் மேல் கர்சரை வைத்து எந்த வரியிலிருந்து எந்த வரி வரை என்று பார்த்தவருக்குத்தான் தெரிந்திருக்கும். அதனால், அறிவிப்பு கொடுத்த குழுவிடம் ஒரு விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: கோட் ஃபைலை ஓட்டினால் மட்டும் போதுமா, இல்லை கோட் செய்வதும் கட்டுரை சொல்வதும் ஒன்றா என்று படித்தும் பார்க்க வேண்டுமா? பெரும்பாலான இடங்களில் முதல் வகைதான், அதற்கே நேரம் போதாது. இரண்டாவது வகை எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு டோனஹ்யூ, லெவிட் எழுதிய கருக்கலைப்பும் குற்றமும் பற்றிய 2001ஆம் ஆண்டுக் கட்டுரை உதாரணம். ஒரு அட்டவணையில் மாநிலத்தையும் வருடத்தையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியதாக, அதாவது ஒவ்வொரு மாநிலத்திலும் ஒவ்வொரு வருடமும் நடந்த பொதுவான மாற்றங்களைக் கணக்கிலிருந்து விலக்கியதாகக் கட்டுரை சொன்னது, கோடில் அது இல்லை. 2005ல் இதைச் சுட்டிக்காட்டியவர்கள் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் கிறிஸ்டோஃபர் ஃபூட்டும், அங்கே அப்போது ரீசர்ச் அசிஸ்டன்டாக இருந்த கிறிஸ்டோஃபர் கோட்ஸும்.

ஆக, இந்த வேலையில் என்னதான் கிடைக்கும்? என் பார்வையில், அறிக்கை எழுதப் பழகுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய லாபம், கோடிங் அதற்குப் பின்னால்தான். 'அட்டவணை 3 சரியாக வரவில்லை' என்று எழுதுவது அறிக்கை இல்லை, அதை வைத்துக் கட்டுரையாளர் என்ன செய்வார்? இப்படி எழுத வேண்டும்: 'அட்டவணை 3, பத்தி 2: கட்டுரையில் மாதிரியின் அளவு இவ்வளவு, நாங்கள் ஓட்டியபோது இவ்வளவு. பத்தி 1, 3 பொருந்துகின்றன. இரண்டாம் புரோகிராமில் இன்ன வரியில் இணைத்த பிறகு பொருந்தாத வரிகள் நீக்கப்படுகின்றன, வித்தியாசம் அங்கிருந்து வருவதாகத் தெரிகிறது. பயன்படுத்திய பதிப்பு, இயங்குதளம், மாற்றிய வரிகள் கீழே.' இதைப் படிக்கிறவர் கோபப்பட முடியாது, உடனே போய் அந்த வரியைத் திறப்பார். பெரிய பேராசிரியருக்கு உங்கள் வயதில் இருக்கும் ஒருவர் தவறைச் சுட்டிக்காட்டுகிறார், எடிட்டரின் கையெழுத்தோடுதான் போகும் என்றாலும் எழுதியது நீங்கள். குற்றஞ்சாட்டாமல், குழையாமல், நடந்ததை நடந்தபடி எழுதும் இந்தத் தொனி பழகவே சில மாதங்கள் ஆகும். பல ஆராய்ச்சி மாணவர்களிடமே இது இல்லை.

இன்னொரு லாபம், மற்றவர்களின் வேலை உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. பாடப்புத்தகத்தில் டேட்டா சுத்தமாக வரும், ரிக்ரெஷன் ஒரே வரியில் முடியும். இங்கே ஒரு பெரிய கட்டுரையின் பின்னால் 'கடைசி', 'கடைசி2', 'இதுதான் கடைசி' என்று மூன்று ஃபைல்கள் இருப்பதைப் பார்ப்பீர்கள். கூடவே, ஒரே கட்டளையில் ஆரம்பம் முதல் முடிவு வரை ஓடி, எல்லா அட்டவணைகளையும் தானாகவே எழுதி வைக்கும் ஒழுங்கான தொகுப்புகளையும் பார்ப்பீர்கள். எது யாரிடமிருந்து வந்தது என்று வெளியே சொல்லக்கூடாது, ஆனால் எதை நகலெடுக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

தகுதி விஷயத்தில் பயப்பட வேண்டாம். ஸ்டேட்டாவோ ஆரோ ஒன்றில், ஃபைலைத் திறந்து, இரண்டை இணைத்து, ஒரு ரிக்ரெஷன் ஓட்டி, லாகைச் சேமிக்கத் தெரிந்தால் போதும். கமாண்ட் லைனில் ஃபோல்டர் மாற்றத் தெரிவதும், கோட் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட் (Git) அடிப்படையும் பெரிய பலம், பல இடங்களில் அதற்குப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். எகனாமெட்ரிக்ஸ் (பொருளாதாரத்துக்கான புள்ளியியல்) ஒரு பாடம் முடித்திருந்தால் நல்லது, அட்டவணையில் மதிப்பீட்டு எண்ணான குணகம் எது, அதன் துல்லியத்தைச் சொல்லும் ஸ்டாண்டர்ட் எரர் எது என்று தெரிந்தால்தானே ஒப்பிட முடியும். ஆள் எடுக்கும்போது நான் பார்த்தது மதிப்பெண்ணை அல்ல, ஒரு தடங்கலை எப்படி விவரிக்கிறார் என்பதைத்தான். 'ஓடவில்லை' என்று சொல்பவர் ஒரு ரகம். 'இந்த வரியில் இந்தச் செய்தியோடு நின்றது, இதை முயன்றேன், இது மாறியது' என்று சொல்பவர் இன்னொரு ரகம்.

விண்ணப்பிப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். அமெரிக்கன் எகனாமிக் அசோசியேஷன் இதழ்களின் தொகுப்புகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஓப்பன் ஐசிபிஎஸ்ஆர் களஞ்சியத்தில் இருக்கின்றன, டேட்டாவுக்குத் தடை இல்லாதவற்றைக் கணக்குத் தொடங்கி யாரும் இறக்கிக்கொள்ளலாம். உங்களுக்குப் பிடித்த ஒரு கட்டுரை, டேட்டா முழுவதும் உள்ளே இருப்பது, சின்னது, ஒன்றை எடுத்து ஓட்டி இரண்டு பக்க அறிக்கை எழுதுங்கள். சமூக அறிவியல் டேட்டா எடிட்டர்கள் சேர்ந்து வெளியிட்ட ரீட்மீ மாதிரி வடிவம் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எதெல்லாம் குறைகிறது என்று பாருங்கள். ஹாவர்ஃபோர்ட் கல்லூரியில் தொடங்கிய டியர் (TIER) என்ற திட்டத்தின் வழிமுறைகள் மாணவர்களுக்காகவே எழுதப்பட்டவை, அவற்றையும் படிக்கலாம். அந்த இரண்டு பக்கத்தை விண்ணப்பத்தோடு இணைத்தால், ஆர்வம் பற்றி நீங்கள் எழுதும் மற்ற வரிகளை யாரும் படிக்க வேண்டியதில்லை.

பிஎச்டிக்கு உதவுமா என்றால், ஓரளவு. இங்கே நான் கொஞ்சம் கறாராகச் சொல்லிவிடுகிறேன். கவனமானவர், கோட் தெரிந்தவர், சொன்ன நேரத்தில் முடிப்பவர் என்று பரிந்துரைக் கடிதம் கிடைக்கும். புதிய கேள்வி கேட்கத் தெரிந்தவர் என்று கிடைக்காது, ஏனென்றால் அதற்கு இந்த வேலையில் இடமே இல்லை. ஆகவே ஒரு வருடம், அதிகம் போனால் இன்னும் ஒரு கோடை விடுமுறை. அதற்குப் பிறகு அந்தத் திறமையைக் காட்டி ஒரு பேராசிரியரிடம் நேரடியாக ரீசர்ச் அசிஸ்டன்ட் வேலைக்குப் போங்கள். பட்டம் முடித்தவர்கள் ஓரிரு வருடம் முழுநேரமாகச் செய்யும் ப்ரீடாக் வேலைகளுக்கு இது ரொம்பவே கை கொடுக்கும், அங்கே தேர்வில் கேட்பதே அநேகமாக இந்த மாதிரி வேலைதான். கட்டுரையில் உங்கள் பெயர் வர வேண்டும் என்ற ஆசை இருந்தால் ஒட்டாவா பல்கலைக்கழகத்தின் ஏபல் ப்ரோடர் தொடங்கிய இன்ஸ்டிட்யூட் ஃபார் ரெப்ளிகேஷன் பக்கம் பாருங்கள். அவர்கள் 2022 முதல் பல ஊர்களில் ரெப்ளிகேஷன் கேம்ஸ் என்று ஒரு நாள் கூட்டம் நடத்துகிறார்கள். சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரிந்து, ஏற்கெனவே வெளிவந்த கட்டுரைகளை ஓட்டி, வேறு விதமாகக் கணக்கிட்டால் முடிவு நிற்கிறதா என்றும் சோதிப்பார்கள். உங்கள் சொந்த யோசனைக்கு அங்கே இடம் உண்டு.

சில நடைமுறை விஷயங்கள். நீங்கள் பார்ப்பது வெளிவராத கட்டுரை, அதன் பெயரோ முடிவோ நண்பர்களிடமோ, சோஷியல் மீடியாவிலோ, பயோடேட்டாவிலோ போகக்கூடாது. டேட்டாவைச் சொந்த லேப்டாப்பில் இறக்காதீர்கள், குழு கொடுத்த சர்வரிலேயே வேலை செய்யுங்கள். எரர் செய்தியைச் சாட்பாட்டில் ஒட்டி விடை கேட்கும் பழக்கம் இப்போது எல்லாருக்கும் இருக்கிறது, அதோடு சேர்த்து டேட்டாவின் வரிகளையும் ஒட்டிவிடாதீர்கள், அதற்கு முன் குழுவின் விதி என்னவென்று கேளுங்கள். உங்கள் துறைப் பேராசிரியரின் கட்டுரை உங்களிடம் வந்தால் வாங்கிக்கொள்ளாமல் உடனே சொல்லிவிடுங்கள். கட்டுரையாளருக்கு நேரடியாக மெயில் அனுப்பக்கூடாது, எல்லாம் எடிட்டர் வழியாகத்தான். அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் படிப்பவராக இருந்தால் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாக வேலை எல்லாம் சேர்த்து வாரத்துக்கு 20 மணி நேரம்தான், இதையும் அதில் கணக்கு வையுங்கள்.

யாருக்கு இது ஒத்துவராது? ஒரே அட்டவணையில் நூற்றுப் பன்னிரண்டு எண்களை ஒப்பிட்டுவிட்டு நூற்றுப் பதின்மூன்றாவதையும் அதே கவனத்தோடு பார்க்க முடியாதவருக்கு ஒத்துவராது. கோட் ஓடாததைக் கண்டதும் தானே சரிசெய்து ஓட்டிவிட்டு, என்ன மாற்றினோம் என்று எழுதாமல் விட்டுவிடும் கெட்டிக்காரர்களுக்கும்தான், அவர்கள்தான் எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தார்கள். ஓடாததை ஓட வைத்த பெருமையில், அது ஓடவில்லை என்ற தகவலே காணாமல் போய்விடும்.

நேர்முகத்தில் அவர்கள் 'உங்களுக்கு ஏதாவது கேள்வி உண்டா' என்று கேட்பார்கள். இரண்டு கேளுங்கள். பயிற்சிக் காலத்துக்குச் சம்பளம் உண்டா? என் அறிக்கை கட்டுரையாளருக்குப் போவதற்கு முன் யார் படிப்பார்கள், திருத்தங்களை எனக்குத் திருப்பிக் காட்டுவார்களா? முதல் கேள்விக்கு இல்லை என்று வந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு இல்லை என்று வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.